ஓரக் குறிப்பு

லிவர்பூல் ஆஸ்பத்திரியின் நிலவறை.
மேலே எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது.
மிச்சம் நானும் வெந்நீர்க் குழாய்களும்
முப்பத்தொரு லெட்ஜர்களும்.

பெயர் என்ற கட்டத்தில் பெயரே இல்லை.
ஹெஸ்கெத் குழந்தை. மக்கில்ராய் குழந்தை.
டிரெஹார்ன் இரட்டையரில் பிந்தியது.
பிழைக்கட்டும், பிறகு வைக்கலாம் என்றிருப்பார்கள்.
வயது மணிக்கணக்கில்.
எடை, இரண்டு ரொட்டிக்குக் கொஞ்சம் கூட.
கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னச் சிலுவை,
அதன் கீழே சிலுவை, அதன் கீழே சிலுவை,
பக்கம் முழுக்கத் தையல் போட்டது போல.

உணவுக்குழாய் முட்டுச்சந்தாய் முடிந்த பிள்ளைக்குப்
பால் கொடுத்தால் நெஞ்சில் போய் நிற்கும்,
கொடுக்காவிட்டால் பசி.
'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று
ரப்பர் முத்திரையே செய்துவைத்திருந்தார்கள்.
எழுதி எழுதிக் கை சலித்திருக்கும்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் முத்திரை விழாத ஒரு பக்கம்.
விலா இடுக்கில் விரல் நுழையாத வழி,
கண் டாக்டரிடம் இரவல் வாங்கிய ஊசி, பட்டு நூல்.
பத்துப் பிள்ளைகள் போனார்கள்.
பதினோராவதற்குக் கடைசிக் கட்டம் காலி.
பிழைத்தால் என்ன எழுதுவதென்று
யாரும் யோசித்து வைக்கவில்லை.

பாங்கரிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
அலெட் க்வைதர், அறுபத்தொன்று, பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.
'வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு.
அம்மாவைக் கேட்டால் அடுப்பைத் துடைக்க ஆரம்பிப்பாள்.
இப்போது அம்மாவும் இல்லை.
உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?'

இருந்தது. ஒன்பதாவது லெட்ஜர், ஐம்பத்து நான்கு, பிப்ரவரி.
க்வைதர் குழந்தை, ஆண், முப்பது மணி நேரம்.
வேல்ஸிலிருந்து ஆம்புலன்ஸில், வழியெல்லாம் பனி,
இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில்.
மயக்கம் என்ற கட்டத்தில்: க்யூராரே.

க்யூராரே உடம்பைக் கட்டிப்போடும்.
வலியைக் கட்டாது.
குடல் அடைத்த பிள்ளைகளுக்காவது
பிராந்தியில் தோய்த்த சர்க்கரையைத் துணியில் முடிந்து
வாயில் வைத்தார்கள். இவனுக்கு விழுங்கவும் வழியில்லை.
பச்சை உடம்புக்கு நரம்பு பழுக்கவில்லை என்பது அன்றைய பாடம்.
அசையவில்லை, ஆகவே வலிக்கவில்லை.
பிறந்த புதிதில் அழுதாலும் கண்ணீர் வராது.
சாட்சியே இல்லாத வழக்கு.

டாக்டர்களைத் திட்ட வாய் வருகிறது.
அதே கை, அதே ஊசி, இந்த மனிதர்
நாற்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறார்.
வாயை மூடிக்கொள்கிறேன்.

அப்போதுதான் பார்த்தேன், கட்டங்களுக்கு வெளியே,
ஓரத்தில், பென்சிலில்:

'நாடி நூற்று நாற்பது. கத்தி பட்டதும் நூற்றுத் தொண்ணூறு.
பிறகு இருநூற்றிருபது. துணிக்கு அடியில்
இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
யாரும் சொல்லவில்லை.
- வி. ஸ்கேரிஸ்பிரிக், நர்ஸ்.'

அதற்குப் பிறகான லெட்ஜர்களைப் புரட்டினேன்.
ஓரங்கள் சுத்தமாக இருந்தன.
எண்பத்தேழில் ஒரு கட்டம் புதிதாக அச்சாகியிருந்தது:
வலிக்குக் கொடுத்த மருந்து.
அவள் பென்சில் அதுவரை
தனியாக நின்றிருக்கிறது.

பதில் படிவத்தில் இடம் கொஞ்சம்.
ஆபரேஷன். தேதி. செய்தவர். விளைவு.
பாதத்துக்குக் கட்டமில்லை.

நகல் எடுக்க வைத்தேன். இயந்திரம்
ஓரத்தை ஒவ்வொரு முறையும் வெட்டித் தள்ளியது.
நான்காவது தடவை லெட்ஜரைக் கோணலாக வைத்து
மூடியை முழங்கையால் அழுத்தினேன்.
பென்சில் விழுந்தது, சாம்பல் நிறத்தில், படிக்கும்படி.
மறுபக்கம் எடைக் கட்டம் அறுபட்டுப் போனது.

அதை என் பேனாவால் எழுதி அனுப்பினேன்:
ஐந்து பவுண்ட், ஒரு அவுன்ஸ்.